உங்களுக்குத் தெரியுமா? கைப்பிடி வைத்த லேப்டாப்பும் வால் முளைத்த வானொலியும்

● ஒஸ்லோவில் வசந்தம் வந்தாலும் சரி, இலையுதிர் காலம் வந்தாலும் சரி, சனி ஞாயிறில் பள்ளிக்கூடங்கள் சந்தைக்கடை ஆகிவிடும். ‘லொப்பேமார்கெட்’ என்பார்கள். அப்படியே தமிழில் சொன்னால் தெள்ளுப்பூச்சிச் சந்தை! பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவுக்குக் காசு சேர்க்க, பெற்றோர்களே பழைய சாமான்களைத் திரட்டி வந்து விற்பார்கள். மின்சாதன மேசையில் கறுப்பு லேப்டாப்புகள் பத்து கிடக்கட்டும். நடுவில் விசித்திர வடிவத்தில் ஒன்று இருந்தால் கை முதலில் அதற்குத்தான் போகும். போகட்டும். ஆனால் வாங்கி வந்தால் அது உழைக்குமா, அலமாரியில் பொம்மையாக உட்காருமா? இந்த வாரத் துணுக்குகள் அதைச் சுற்றித்தான்.

● விசித்திர லேப்டாப் என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆப்பிளின் முதல் ஐபுக். 1999 ஜூலையில் நியூயார்க்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேற்றியது. ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று. சிப்பி போல உருண்டு திரண்ட உடம்பு. பின்பக்கம் ஒரு கைப்பிடி. கேலி பேசியவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கழிப்பறை மூடி’. எடையும் கொஞ்சநஞ்சமல்ல, 3 கிலோ.

கேலிக்குள்ளே காரியம் இருந்தது. மூடியில் கொக்கி கிடையாது, ஆகவே உடைந்துபோகக் கொக்கியும் இல்லை. ஓரமெல்லாம் ரப்பர். கைப்பிடி இருந்ததால் பள்ளிப் பையன் அதை டிபன் கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு நடக்கலாம். வைஃபை ஆன்டெனா உடம்புக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அன்றைக்கு அது அதிசயம். ஒயர் எதுவும் இல்லை என்று நிரூபிக்க ஜாப்ஸ் ஒரு ஹூலா ஹூப் வளையத்தை லேப்டாப்பைச் சுற்றி நுழைத்துக் காட்டினார், மாயாஜாலக்காரர் போல.

கால் நூற்றாண்டு தாண்டியும் நல்ல நிலையில் இருக்கும் ஐபுக்குகள் உண்டு. பொத்தானை அழுத்தினால் மணியடித்து எழுந்துகொள்கின்றன. ஆனால் வைஃபை? அதன் பழைய ஏர்போர்ட் அட்டைக்கு இன்றைய ரவுட்டர்கள் கேட்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறை தெரியாது. ஒயர் இல்லாத உலகத்தை மேடையில் காட்டிய பெட்டியை இன்று ஒயர் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

● 1981இல் வந்த ஆஸ்பார்ன் 1 கணினியின் எடை சுமார் 11 கிலோ. திரை 5 அங்குலம். மூடி வைத்தால் தையல் மிஷின் பெட்டியேதான். ‘தூக்கிச் செல்லலாம்’ என்று சொல்லி விற்றார்கள். யார் தூக்குவது என்று சொல்லவில்லை.

● திரையைக் கீபோர்டின் மேல் மடித்து மூடுவது இன்று நமக்குச் சாதாரணம். 1982இல் பில் மாகிரிட்ஜ் வடிவமைத்த கிரிட் காம்பஸ் அப்படி மடிந்தபோது அதுதான் விசித்திரம். மக்னீசியக் கலவைக் கூடு, கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து, விலை 8,000 டாலருக்கு மேல். நாசா அதை விண்வெளி ஓடத்தில் ஏற்றி அனுப்பியது. ஆக, விசித்திரம் என்பது பல சமயம் சீக்கிரம் வந்துவிட்ட வழக்கம்தான்.

● பழைய லேப்டாப்புகளில் என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால் 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100க்குப் போடுவேன். ஜப்பானின் கியோசெரா செய்தது, அமெரிக்காவில் ரேடியோ ஷேக் விற்றது. மடிக்கவே முடியாது, பார்த்தால் யானைக்குச் செய்த கால்குலேட்டர். திரையில் 8 வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவுதான். ஆனால் நிருபர்கள் அதைக் கொண்டாடினார்கள். எந்த ஊரில் இருந்தாலும் செய்தியைத் தட்டி, தொலைபேசி வழியாக அலுவலகத்துக்கு அனுப்பிவிடலாம்.

அதற்கு வேண்டியது நான்கு ஏஏ பேட்டரி. கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஓடும். அந்த நான்கு பேட்டரியை ஒஸ்லோவிலும் வாங்கலாம், ஒட்டன்சத்திரம் பெட்டிக்கடையிலும் வாங்கலாம். தனக்கென்று ஒரு தனி பேட்டரி செய்துகொண்ட அழகான லேப்டாப்புகள் எத்தனையோ செத்துப்போக, இந்த அவலட்சணம் இன்னும் ஓடுவதற்கு முக்கியமான காரணம் அதுதான்.

● ஐபிஎம்மின் திங்பேட் 701சி (1995) மூடியைத் திறந்தால் கீபோர்டு இரண்டு துண்டாக நகர்ந்து, பட்டாம்பூச்சி சிறகு விரிப்பதுபோல விரிந்து ஒன்றாகப் பொருந்தும். 25 சென்டிமீட்டர் கூட அகலமில்லாத பெட்டிக்குள்ளிருந்து 29 சென்டிமீட்டர் கீபோர்டு! இதைக் கண்டுபிடித்தவர் ஜான் காரிடிஸ். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

வெறும் வித்தை அல்ல அது. திரை சிறியது, விரலோ சிறியதல்ல. அந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை. ஆனால் சீக்கிரமே பெரிய திரைகள் மலிவாகின. பெட்டி அகலமானதும் சிறகுக்கு வேலை போயிற்று. தொடர்ச்சி இல்லாமல் ஒரே மாடலோடு கதை முடிந்தது.

இன்று ஒரு 701சி கைக்குக் கிடைத்தால் முதலில் கையைத் துடைக்கத் துணி எடுத்து வையுங்கள். தொடுவதற்கு வெல்வெட் மாதிரி இருக்க வேண்டுமென்று பூசிய கறுப்பு ரப்பர் பூச்சு காலப்போக்கில் இளகி, பலாப்பால் மாதிரி ஒட்டும். உள்ளே சின்ன பேட்டரி கசிந்து போர்டை அரித்திருக்கவும் கூடும். சிறகு விரியும் எந்திரம் இன்னும் ஜோராக வேலை செய்யும்; தொடத்தான் மனம் வராது.

● பழைய வெள்ளைக் கணினி மஞ்சளாகிறதே, அது அழுக்கா? அல்ல. பிளாஸ்டிக்கும், தீப்பிடிக்காமலிருக்க அதில் சேர்த்த புரோமின் கலவையும் வெளிச்சம் பட்டு நிறம் மாறுகின்றன. சோப்பு போட்டுத் தேய்த்துப் பிரயோசனமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் ஒரு மதியம் போதும். ஒஸ்லோவின் டிசம்பரில் வெயிலை எங்கே போய்த் தேடுவது?

● பச்சையும் வெள்ளையுமாக, முயல் காது முளைத்த லேப்டாப் ஒன்று 2007இல் வந்தது. ‘ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்’ திட்டத்தின் எக்ஸ்ஓ. காது அலங்காரம் அல்ல, வைஃபை ஆன்டெனா. மடக்கினால் பக்கத்துத் துளைகளை மூடித் தூசியைத் தடுக்கும். உச்சி வெயிலிலும் படிக்கக்கூடிய அதன் திரையை உருவாக்கியவர் மேரி லூ ஜெப்சென். உருகுவே நாடு அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்கித் தந்தது. இந்தியாவின் கல்வி அமைச்சகம் 2006இலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

● தமிழ்நாட்டு அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. வடிவத்தில் புதுமை ஒன்றுமில்லை. மூடியில் அன்றைய முதல்வர் படம் மட்டும்தான் தனி அடையாளம். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவர்கள் உண்டு, பெருமையாகக் காட்டியவர்களும் உண்டு. ஒரே மாதிரி லேப்டாப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதில் ஒரு லாபம்: ஒன்று செத்தால் அதன் கீபோர்டும் திரையும் இன்னொன்றைப் பிழைக்க வைக்கும். விசித்திர லேப்டாப்புக்கு அந்த யோகம் இல்லை. சென்னையின் மின்சாதனச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டையே சலித்தாலும் பட்டாம்பூச்சிக் கீபோர்டு கிடைக்காது.

● நார்வேக்குச் சொந்தமாகக் கணினி இருந்தது தெரியுமா? ஒஸ்லோவின் டிகி டேட்டா நிறுவனம் 1984இல் பள்ளிகளுக்காகச் செய்தது. முதலில் வைத்த பெயர் கான்டிகி-100. பிறகு டிகி-100 ஆயிற்று. நூறு எங்கிருந்து வந்தது? ஆரம்ப முன்மாதிரியில் 64 கேபி நினைவகம், படத்துக்கு 32, உள்ளே பதிந்த மென்பொருளுக்கு 4. கூட்டிப் பாருங்கள்.

● அந்தப் பெயருக்கு மூலமான கான்-டிகி ஒரு கட்டுமரம். நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் 1947இல் பால்சா மரக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, பெருவிலிருந்து பாலினேசியாவுக்குப் பசிபிக்கைக் கடந்தார். தண்ணீர் ஊறி மூழ்கிவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். 101 நாள் மிதந்தது. ஒஸ்லோவின் பிக்டோய் பகுதி அருங்காட்சியகத்தில் இப்போதும் பார்க்கலாம். பார்த்தால் குளத்தைத் தாண்டக்கூட நம்ப மாட்டீர்கள்.

● நார்வேயில் லேப்டாப் வாங்கினால், பொருளில் குறை இருந்தால் ஐந்தாண்டு வரை கடைக்காரரிடம் முறையிடலாம். 2002ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்வது இது: இரண்டாண்டுக்கு வெகுவாக மேல் உழைக்க வேண்டிய பொருளுக்கு ஐந்து, மற்றவற்றுக்கு இரண்டு. கைபேசி எந்தக் கணக்கில் சேரும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007இல் ஐந்தாண்டுக் கணக்கே என்று தீர்ப்பானது. சாதாரணத் தேய்மானத்துக்கு இது செல்லாது. கீழே போட்டு உடைத்ததற்கும்தான்!

● இவ்வளவு சட்டம் இருந்தும், 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி தலைக்கு அதிக மின்கழிவு சேர்த்த நாடு நார்வேதான்: ஆளுக்கு 26 கிலோ. அதே கணக்கில் இந்தியருக்கு 2.4 கிலோ. சரியாகச் சேகரிப்பதிலும் நார்வே முன்வரிசைதான். எந்தக் கடை அந்த வகைப் பொருளை விற்கிறதோ, அந்தக் கடை உங்கள் பழையதை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும். புதிதாக எதையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. தூக்கிப் போடுவது இவ்வளவு சுலபமானால் ரிப்பேர் கடையை யார் தேடுவார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

● 2025 அக்டோபர் 14இல் உலகெங்கும் லட்சோபலட்சம் லேப்டாப்புகள் ஒரே நாளில் ‘பழையவை’ ஆயின. கீல் ஆடவில்லை, திரை மங்கவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திய நாள் அது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய புராசசரும் அவற்றில் இல்லை. நார்வே உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை ஓராண்டு இலவசமாக நீட்டித்தார்கள்.

● இந்த நோய்க்கு ஒஸ்லோவில் முன்பே ஒரு கைவைத்தியம் பார்த்தார்கள். 2001 ஜூலை 2இல் அங்கே சில ஆர்வலர்கள் கூடித் தொடங்கியது ‘ஸ்கூலெலினக்ஸ்’. ‘ஸ்கூலெ’ என்றால் பள்ளி. வகுப்புக்கு முப்பது புதுக் கணினி வாங்கப் பணம் இல்லையா? நல்ல சர்வர் ஒன்று வாங்குங்கள். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பழைய கணினிகளை அதில் கோத்துவிடுங்கள். வேலையெல்லாம் சர்வர் பார்க்கும். பழையது திரையையும் கீபோர்டையும் மட்டும் கொடுத்தால் போதும், ஹார்ட் டிஸ்க் கூட வேண்டாம். நம் கூட்டுக் குடும்பத்தில் ஒரே அடுப்பில் சமைத்து ஆளுக்கொரு இலை போடுவார்களே, அந்தக் கணக்கு.

இன்னொரு ஆசையும் அவர்களுக்கு இருந்தது. நார்வே மொழிக்கு பூக்மோல், நீநொர்ஸ்க் என்று இரண்டு எழுத்து வடிவங்கள். வடக்கே சாமி மக்களின் மொழி வேறு. எல்லாப் பிள்ளைகளும் தங்கள் மொழியிலேயே கணினியைப் பார்க்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பில் இறங்கினார்கள். பின்னர் ஸ்கூலெலினக்ஸ், டெபியன் எடு என்ற திட்டத்தோடு இணைந்து நார்வேக்கு வெளியிலும் பரவியது. பழைய பெட்டி என்று ஒதுக்கியவற்றில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். அவற்றின் முகம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

● அதே ஒஸ்லோவில் 1995இல் தொடங்கிய ஓபரா நிறுவனத்தின் உலாவி, ஆரம்ப நாட்களில் ஒற்றை ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். இன்று ஒரு இணையப் பக்கமே அதைவிடக் கனம்.

● ஒஸ்லோ குளிரில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தால் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் முத்து முத்தாகப் பூக்கும். பையிலேயே வைத்துவிட்டு ஒரு டீ குடியுங்கள், இரண்டாவதும் குடியுங்கள். சார்ஜ் போடுவதானால் இன்னும் பொறுங்கள்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் அது உள்ளுக்குள் நிரந்தரமாகக் கெடும்.

● கடைசியாக, லேப்டாப் அல்லாத ஒன்று. ஒஸ்லோவின் வடக்கு ஓரத்தில் ஷெல்சோஸ் என்றொரு பகுதி. தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கும் இடம். வேபியோர்ன் தான்பெர்க் 1933இல் தொடங்கிய வானொலி நிறுவனத்தின் தொழிற்சாலையும் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. மரப்பெட்டியில் பளபளக்கும் வானொலிகள். ஒரு மாடலுக்குப் பெயர் ஹுல்ட்ரா. நார்வே நாட்டுக் கதைகளில் அவள் காட்டு மோகினி: முன்னால் பேரழகி, பின்னால் மாட்டு வால்.

1978இல் அந்த நிறுவனம் திவாலானது. வானொலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2017இல் நார்வே தன் தேசிய வானொலி நிலையங்களை எஃப்.எம்மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு. சில உள்ளூர் நிலையங்கள் மட்டும் எஃப்.எம்மில் தொடர்ந்தன. பெட்டியில் கீறல் இல்லை, வால்வு போகவில்லை. கேட்க வேண்டிய குரல்தான் போய்விட்டது.

ஆனால் அந்தக் காலத்து வானொலிகளின் பின்பக்கம், ஹுல்ட்ராவுக்கு வால் இருக்க வேண்டிய இடத்தில், கிராமபோன் செருக ஒரு துளை இருக்கும். சரியான ஒயர் ஒன்று கிடைத்தால் அதில் கைபேசியைச் செருகலாம். வால்வு சூடாக அரை நிமிடம் பொறுத்தால், மரப்பெட்டிக்குள்ளிருந்து டி.எம்.சௌந்தரராஜன் பாடுவார்.