கடன்படுமுன் விளையாட்டில் தோற்றுப் பார்ப்போம்

சிறுவியாபாரப் பயிற்சி என்றதும் கரும்பலகையும் கணக்குப் புத்தகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இலாப நட்டக் கணக்கு எழுதக் கற்றவர்கூட, அடுத்த கிழமைக்கு எத்தனை பெட்டி சாமான் எடுப்பது என்ற கேள்வியில் தடுமாறுகிறார். தீர்மானம் எடுப்பதை எடுத்துத்தான் பழகவேண்டும். அதற்குச் சங்கத்துக் கடனைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஒரு மேசையும் சில கடதாசித் துண்டுகளும் போதும்.

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1960களில் உருவான ‘பியர் விளையாட்டு’ இதற்கு நல்ல உதாரணம். (பெயர் பிடிக்காதவர்கள் பிஸ்கற் என்று வைத்து ஆடலாம், பாடம் மாறாது.) சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகத்தர், தொழிற்சாலைக்காரர் என நால்வர் வரிசையாக அமர்வர். தொடக்கத்தில் ஒவ்வொருவரிடமும் 12 பெட்டி. கிழமைதோறும் தமக்குச் சாமான் தருபவருக்கு ஒரு சீட்டில் ‘ஓடர்’ எழுதி அனுப்பவேண்டும். தமக்குள் பேசக்கூடாது. கேட்ட சாமான் வந்துசேரச் சில கிழமை செல்லும். தேங்கிக் கிடக்கும் பெட்டிக்குக் கிழமைக்கு அரை டொலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாத பெட்டிக்கு ஒரு டொலர்.

வாடிக்கையாளர் முதல் நான்கு கிழமையும் 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாம் கிழமையிலிருந்து 8. அதன்பின் மாற்றமே இல்லை. ஆனால் கையிருப்பு இறங்கக் கண்ட கடைக்காரர் பயந்து கூட்டி எழுதுகிறார். கேட்டது வராததால் மறுபடியும் எழுதுகிறார். மொத்த வியாபாரி அதைவிடக் கூட்டுகிறார். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிகிறது! 1989 இல் ஜோன் ஸ்ரேர்மன் வெளியிட்ட ஆய்வில், 36 கிழமை ஆட்டத்தில் ஓர் அணியின் சராசரிச் செலவு 2,028 டொலர். ஏறத்தாழ 204 டொலருடன் முடித்திருக்கலாம்.

நம் நாட்டில் 2022 இல் ஏற்பட்ட தட்டுப்பாட்டுக்கு மூலகாரணம் அந்நியச் செலாவணி இல்லாமையே. ஆனாலும் ‘பத்துக் கேட்டால்தான் ஐந்தாவது கிடைக்கும்’ என்று கடைக்காரர் எண்ணுவது இந்த மேசையில் நடப்பதுதான்.

ஆட்டம் முடிந்ததும் எவரையும் எழுந்து போக விடாதீர்கள். வாடிக்கையாளர் கிழமைதோறும் எவ்வளவு கேட்டிருப்பார் என்று மற்ற மூவரையும் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். பழியை வாடிக்கையாளர்மேல் போடுவார்கள். அப்போது உண்மைச் சீட்டுகளை விரித்து வையுங்கள். ஆட்டத்துக்குச் செலவிட்ட அளவு நேரத்தை இந்தக் கலந்துரையாடலுக்கும் ஒதுக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அவசரமாக முடித்தால் மிஞ்சுவது சிரிப்பு மட்டுமே.

நேரமிருந்தால் இரண்டாம் முறை ஆடுங்கள். அம்முறை, வாடிக்கையாளரின் சீட்டை நால்வரும் பார்க்க விடுங்கள்.