உங்களுக்குத் தெரியுமா? காலையில் வீங்கும் கண்ணிமை

காலையில் எழும்போது பிள்ளையின் கண்ணிமை வீங்கியிருக்கும், மாலைக்குள் வடிந்துவிடும். பூச்சிக்கடி, ஒவ்வாமை என்று பல வீடுகளில் கண் சொட்டு மருந்தோடு நாள் போய்விடுகிறது. ஆனால் அந்த வீக்கம் நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தொடங்கும். சிறுநீரக வடிகட்டி கசிந்து, இரத்தத்தில் தங்கவேண்டிய ஆல்புமின் புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு மருந்திலேயே குணம் தெரியும். ஆனால் பலருக்குத் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் பரிசோதனையைப் பெற்றோருக்கே கற்றுத்தருகிறார்கள். காலையின் முதல் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து நிறம் பார்க்கலாம். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விட்டும் பார்க்கலாம். புரதம் இருந்தால் வெண்மையாகக் கலங்கும், மிகுந்தால் பால் திரிந்தாற்போல் திரளும். பட்டையின் நிற அளவு தொடர்ந்து 3 நாள் 3+ வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். தேதி போட்டு இதையெல்லாம் அம்மா எழுதிவைக்கும் நோட்டு, மருத்துவர் கையில் பெரிய ஆதாரம்.

பிள்ளையை எங்கே காட்டுவது என்று கடலூர்ப் பக்கத்துப் பெற்றோர் தேடினால், சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. கடலூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் பக்கம்தான்.

வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.