யார் சேனை வைத்தது?

எங்கள் விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு பிள்ளை அடம்பிடித்தால், "இதுக்கு யாரு சேனை வச்சது?" என்று கேட்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வைப்பதுதான் சேனை. வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் நிதானமான ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். 1971இல் என் தம்பி வீட்டிலேயே பிறந்தான். அப்போது எனக்கு ஏழு வயது. பெரியத்தை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வெள்ளிச் சங்கில் சீனித்தண்ணி கரைத்து, அவன் வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அம்மா அவனுக்கு மூன்று நாள் பால் கொடுக்கவில்லை. சீம்பாலைப் பீய்ச்சித் துணியில் துடைத்துப் போட்டுவிட்டார்கள். "மஞ்சளா, கெட்டியா இருக்கு. பச்சைப்பிள்ளைக்குச் செமிக்காது" என்றார் அம்மாச்சி. அதே வீட்டில் பசு கன்று போட்டால் சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, தெரு முழுக்கக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவோம். கன்றுக்கும் அதில் பங்கு உண்டு. தம்பிக்கு மட்டும் இல்லாமல் போனது. முதல் நாளில் சில தேக்கரண்டி அளவுதான் அந்தப் பால் சுரக்கும். பிறந்த பிள்ளையின் வயிற்றுக்கு அவ்வளவே போதும். நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைய இருக்கிறது. இதை அன்று அம்மாச்சிக்குச் சொல்ல யாரும் இல்லை. தெருவில் கழுதையை ஓட்டி வந்தவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கிப் புகட்டினார்கள்.

ஆனாலும் அம்மாச்சியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அம்மா நாற்பது நாள் அடுப்படிப் பக்கம் போகவில்லை. "பச்ச உடம்புக்காரி" என்று சொல்லித் தண்ணீர்க்குடத்தைக்கூடத் தொட விடவில்லை. பூண்டுக் குழம்பு, பால்சுறா கிடைத்த நாளில் புட்டு, முருங்கைக்கீரை என்று பத்தியச் சோறு வேளை தவறாமல் வந்தது. நாலாம் நாள் பால் கட்டிக்கொண்டு அம்மா துடித்தபோது, அம்மாச்சி வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, கையால் தடவித் தடவி இளக்கிவிட்டார். ராத்திரி பிள்ளை அழுதால் முதலில் எழுந்தது அவர்தான். பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டி, அம்மாவின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கியிருப்பார். அதே அம்மாச்சிதான், எதிர்வீட்டில் பிறந்த மறுநாளே பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டிவிட்டார். மல்லிகை பாலை வற்றவைக்கும் என்பது கைவைத்தியம். பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் எழுதினார்கள். பூவுக்குப் பலன் உண்டு என்றே கண்டார்கள்.

அதே 1988இல்தான் என் மூத்தவன் பிறந்தான். டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிள்ளையைத் தனி அறைத் தொட்டிலில் போட்டார்கள். என்னிடம் கொண்டுவருவதற்கு முன்பே பாட்டிலில் பால்மாவு கரைத்துக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு டப்பா இலவசமாகத் தந்தார்கள். மூடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது. வீட்டில் பிள்ளை அழுதான். வந்தவர்கள் எல்லாரும் "ஒனக்குப் பால் பத்தலை" என்றார்கள். நானும் நம்பினேன். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வேளை பாட்டில் கொடுத்தால் அந்த வேளை மார்பில் சப்புவது குறையும். அது குறைந்தால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்ததும் இன்னொரு பாட்டில். மூன்றாம் மாதம் எனக்குச் சுத்தமாக வற்றிவிட்டது. என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று பல வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அம்மாச்சி அப்போது இல்லை. அம்மாவோ, ஆஸ்பத்திரியில் கொடுத்தது தப்பாக இருக்காது என்றுவிட்டார்.

பால்மாவு விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தில் நாடுகள் கூடி 1981இலேயே நெறிமுறை வகுத்திருந்தன. அதைச் சட்டமாக்கி இந்தியா 1992இல் நிறைவேற்றியது. 1993 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. குழந்தைப் பால்மாவுக்கும் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது, தாய்க்கு இலவச டப்பா கொடுக்கக் கூடாது, டப்பாவில் குழந்தைப் படமே போடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தாய்க்கு உடம்பு முடியாதபோதும், தாய் இல்லாதபோதும் டாக்டர் சொல்லிப் பால்மாவு கொடுப்பதை அது தடுக்கவில்லை. கடையில் டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிரிக்கும் முகம் இல்லைதானே என்று பார்த்துக்கொள்வேன். என் காலத்துக்கு நாலைந்து வருடம் பிந்தி வந்த சட்டம்.

2022இல் மகளுக்கு அறுவை சிகிச்சையில் பிள்ளை பிறந்தது. மயக்க மருந்தின் நடுக்கம் அடங்குவதற்குள் நர்ஸ் பிள்ளையைத் துடைத்து அவள் நெஞ்சில் போட்டுவிட்டார். சீனித்தண்ணி, தேன் எதுவும் கிடையாது. வார்டில் பக்கத்துக் கட்டில் பாட்டி என்னிடம், "யாரு சேனை வச்சது?" என்று கேட்டார். "அவன் ஆத்தாதான். சீம்பாலு" என்றேன்.

தமிழ்நாட்டில் இன்று பிரசவம் என்றாலே ஆஸ்பத்திரிதான். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் நூற்றுக்கு அறுபதுதான். நூற்றில் 45 பிரசவம் அறுவை சிகிச்சை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பேன். வயிற்றில் தையலோடு கிடப்பவளால் தானாகப் புரண்டு பிள்ளையை எடுக்க முடியாது. யாராவது ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் பிள்ளை விடாமல் அழுதது. மகளின் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. செல்போனில் அவள் பார்க்காத வீடியோ இல்லை. "பால் பத்தலையோ" என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஊர் நர்ஸம்மா வந்தார். பிள்ளையைத் தூக்கிப் பார்க்கவில்லை. முதலில் மகள் பால் கொடுப்பதை உட்கார்ந்து பார்த்தார். "காம்ப மட்டும் கவ்வுறான்த்தா, அதான் வலிக்குது" என்றார். சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை விடுவித்தார். காம்பால் பிள்ளையின் மேலுதட்டை உரசி, கொட்டாவி விடுவதுபோல வாய் விரியும்வரை காத்திருந்து, சட்டென்று பிள்ளையை மார்போடு சேர்த்தார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் பெரும்பாலும் உள்ளே போனது. கீழுதடு வெளியே மடிந்து தாடை மார்பில் அழுந்தியது. கொஞ்ச நேரத்தில் 'க்... க்...' என்று விழுங்கும் சத்தம். மகள் இறுக்கிப் பிடித்திருந்த என் கையை விட்டாள். "ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போறானா, எடை கூடுதா, இதப் பாருங்க. அழுகைய வச்சு அளக்காதீங்க" என்றார் நர்ஸம்மா. இருந்தது முக்கால் மணி நேரம். 1988இல் என் பக்கத்தில் இப்படி முக்கால் மணி நேரம் யாராவது உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்தது.

அம்மாவின் வெள்ளிச் சங்கு பீரோவில் கிடந்தது. காம்புப் புண் ஆறும்வரை இரண்டு நாள், அதைக் கொதிக்கவைத்து எடுத்து, மகள் பீய்ச்சிக் கொடுத்த பாலை அதில்தான் புகட்டினேன். குறைமாதப் பிள்ளைகளுக்கான வார்டிலும் இதே சங்குதான், பாலாடை என்ற பெயரில். டாக்டர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைகளிலும் அதற்குப் பெயர் பாலாடை என்றே இருக்கிறது. அந்த வார்டுப் பிள்ளைகளுக்காகச் சென்னை எழும்பூரிலும் மதுரையிலும் அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கி நடக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

மகள் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு 2021இல் பேறுகால விடுப்பைப் பன்னிரண்டு மாதம் ஆக்கியதால் அவள் நிம்மதியாகக் கொடுத்தாள். கம்பெனி வேலைக்காரிக்கு 26 வாரம் என்கிறது சட்டம். திரும்பி வந்த பிறகும் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. சட்டத்தில் இது 1961 முதல் இருக்கிறது. நான் கேட்டுப்பார்த்த பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு யார் விடுப்புத் தருவது?

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. மாநிலம் முழுக்க 352. நல்ல காரியம். போன மாதம் ஒரு பேருந்து நிலையத்தில் அந்த அறை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். தோளில் கைப்பிள்ளை, கையில் சாப்பாட்டுத் தூக்கு, சேலைக்கு மேல் சட்டை, சட்டையில் சிமெண்ட். கதவில் பூட்டு. பிள்ளை வீறிட்டது. "சாவி யாரிடம்?" என்று நாலு இடத்தில் கேட்டேன். கடைசியில் கழிப்பறையில் காசு வாங்குகிறவர் எடுத்துத் தந்தார். உள்ளே ஒரு பெஞ்சு, மூலையில் விளக்குமாறும் வாளியும். வாளியை வெளியே எடுத்து வைத்தேன். அவள் உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பஸ் வந்துருச்சுன்னா சொல்லுங்கம்மா" என்றாள். தூக்கை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ் வந்தது. நான் சொல்லவில்லை. அடுத்தது அரை மணியில் இருக்கிறது.