ரிப்பேர் முடிந்து வந்த வண்டி உதறினால்…



நம் மஹல்லாவில் ஆம்னி வேனை நம்பி அடுப்பெரியும் வீடுகள் பல. காலையில் பள்ளிக்கூடச் சவாரி, பகலில் காய்கறி லோடு, நடுச்சாமத்தில் யாருக்காவது பிரசவ வலி என்றால் ஆஸ்பத்திரி ஓட்டம். ஆம்னி தயாரிப்பை மாருதி 2019-இல் நிறுத்திவிட்டது. ஆகவே நம்மவர்களிடம் இருப்பவை எல்லாம் வயதான வண்டிகள், அடிக்கடி ஒர்க்‌ஷாப் ஏறுபவை. பைத்துல்மால் கடன் கேட்டு வரும் சகோதரர்களிடம் நாம் கேட்கும் கதையும் ஏறக்குறைய ஒன்றுதான்: “ஹெட் வேலை பார்த்து எடுத்து வந்தோம், அன்றிலிருந்து மிஸ்ஸிங். இன்னொருவரிடம் காட்டினால் இன்ஜினையே இறக்க வேண்டும் என்கிறார்.” அந்த இரண்டாவது செலவுக்குத் தலையாட்டும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு.

ஆம்னியின் இன்ஜின் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். இன்ஜின் முன் சீட்டுக்குக் கீழேயே இருப்பதால் உதறல் நேராக ஓட்டுநரின் இடுப்புக்கு வரும். பெரிய கோளாறு என்று பயப்படுவது இயல்பு. ஆனால் ரிப்பேருக்கு முன் இல்லாத கோளாறு ரிப்பேருக்குப் பின் வந்தால், முதலில் தேட வேண்டியது கை பட்ட இடங்களில்தான். ஹெட்டைக் கழற்ற வேண்டுமானால் பிளக் வயர்கள், வேக்குவம் ஹோஸ்கள், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்டர் இணைப்புகள், எர்த் வயர், டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித்தான் ஆக வேண்டும். இவற்றில் ஒன்று சரியாகத் திரும்ப உட்காராவிட்டாலும் வண்டி உதறும். இவற்றில் பல, செலவே இல்லாமல் சரியாகக் கூடியவை.

எப்போது உதறுகிறது என்று கவனிப்பதே பாதி வைத்தியம். நின்ற இடத்தில் ஐடிலிங்கில் உதறி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் சீராகிறதா? ஏதோ ஒரு ஹோஸ் வழியாகவோ, இன்டேக் கேஸ்கட் வழியாகவோ காற்று உள்ளே போகலாம். ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும் கேட்கக்கூடும். நின்றால் சரி, ஆள் ஏற்றி மேடு ஏறும்போது வெட்டுகிறது என்றால் பிளக், வயர், காயில் பக்கம் சந்தேகப்பட வேண்டும். கேஸ் கிட் போட்ட வண்டியை இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். கேஸில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் இன்ஜினைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். கேஸ் லைனையும் பிளக்குகளையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, புல்லிங்கும் குறையவில்லை, உடம்பு மட்டும் அதிர்கிறது என்றால் அது மிஸ்ஸிங்காக இல்லாமலும் இருக்கலாம். மவுண்டிங் போல்ட் இறுகாமல் விட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இதற்காகப் பிளக் செட் மாற்றிப் பயனில்லை.

அடுத்தது மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை. இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பார். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் உதறல் கூடும். எதை நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். பிளக் வயரில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். வீட்டு வாசலில் நாமே இழுத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் அதன் பிளக்கை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் வயரையும் இப்படியே பார்க்கலாம். ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரியாக வந்தும் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஹெட் வேலைக்குப் பின் டேப்பெட் இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைத்து வைத்திருந்தால், சூடேறியதும் வால்வு முழுதாக மூடாது. அதனாலும் கம்ப்ரஷன் குறையும். அதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஒன்றையொன்று அடுத்த இரு சிலிண்டர்களில் குறைந்தால் கேஸ்கட் அவற்றின் நடுவே விட்டிருக்கலாம். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் இந்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் ஒரே மாதிரி உதறல் கூடுகிறது, புல்லிங்கும் இல்லை என்றால், கோளாறு எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. டைமிங் பெல்ட்டின் பல் ஒன்று தள்ளி விழுந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. பெல்ட் மார்க்குகள் நேராக இருக்கின்றனவா என்று கவரைக் கழற்றிக் காட்டச் சொல்வது நம் உரிமை. டிஸ்டிரிபியூட்டர் உள்ள பழைய வண்டிகளில் இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தால் ஸ்டார்ட் ஆகவே சிரமப்படும், சைலன்சரில் ‘டப் டப்’ என்று வெடிக்கும்.

இன்ஜெக்டர் வண்டியில் பேட்டரி கழற்றி மாட்டியிருந்தால், முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஐடிலிங் லேசாக ஏறி இறங்கலாம். தானே படிந்துவிடும். அதற்குள் ஓடிப்போய்ச் செலவு வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் வேலை பார்த்தவரிடமே வண்டியைக் கொண்டு போங்கள் என்பது எமது யோசனை. எதைக் கழற்றினோம் என்று அறிந்தவர் அவர். “ஏமாற்றிவிட்டார்” என்று பள்ளிவாசல் திண்ணையில் பேச்சு பரவினால், ஒரு தளர்ந்த ஹோஸுக்காக ஒரு சகோதரரின் பிழைப்பில் கை வைத்தவர்களாவோம். அதேபோல, ஒர்க்‌ஷாப் நடத்தும் சகோதரர்களும் மாற்றிய பழைய பாகங்களைப் பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் பாதி மனத்தாங்கல் வராது.

சில அறிகுறிகள் கண்டால் மட்டும் ஓட்டிக்கொண்டு போகாமல் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று கொள்ளலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் நெடி அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்வரை சாவி போட வேண்டாம். புதிய வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கமுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதன் விலைக்கு முன் இழுவை வண்டி வாடகை சொற்பம்.