உங்களுக்குத் தெரியுமா? மேளத்துக்குப் பாட்டும் வேடமும் பலமா, பாரமா?

ஆடிவேல் நாளில் காலி வீதியோரம் நின்று தவில் கேட்டவர்களுக்கும், விளையாட்டுப் போட்டியில் பாடசாலை பாண்ட் அணிநடையைப் பார்த்தவர்களுக்கும் இந்த வாரக் கேள்வி: முழங்கி வரும் வாத்திய அணியோடு பாட்டுக் குரலும் வேடம் பூண்ட பாத்திரங்களும் சேர்ந்தால் நிகழ்ச்சி உயருமா, தாழுமா? அமெரிக்க மைதானங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வாதம் ஓயவில்லை. நம் வீதிகளும் கூத்துக் களரிகளும் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன.

நூற்றில் நாற்பது

அமெரிக்காவின் ட்ரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி 1972இல் நடந்தது. பித்தளைக் குழல்கள், முரசுகள், கொடி சுழற்றும் அணி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ட்ரம் கோர். இன்றைய முறையில் மொத்தம் 100 புள்ளி. பார்ப்பவர் மனதில் நிகழ்ச்சி ஏற்படுத்தும் மொத்தத் தாக்கத்துக்கு 40 புள்ளி, முரசு வாசிப்புக்கென்று தனியே 10 புள்ளி. கதையும் பாத்திரமும் ஏன் மைதானத்துக்குள் நுழைந்தன என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

ஒலிவாங்கி வந்த ஆண்டு

அந்தப் போட்டிகளில் ஒலிவாங்கிக்கு இடம் கிடைத்தது 2004இல். மின்னணு வாத்தியங்களுக்கு 2009இல். அதற்கு முன், நூறு பேருக்கு மேல் ஒன்றாக முழங்கும் மைதானத்தில் ஒரு தனிக்குரல் எடுபட வழியே இல்லை. ஒலிவாங்கி வந்ததும் ஒருவர் மெல்லப் பேசினாலும் கடைசி வரிசைவரை கேட்டது. ரசிகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்ததும் அங்கிருந்துதான்.

எண்களைச் சொல்லி வென்ற அணி

2013இல் கரோலைனா க்ரவுன் அணி தன் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றது. நிகழ்ச்சியின் பெயர் ஐன்ஸ்டைனின் புகழ்பெற்ற சமன்பாடு. பிலிப் கிளாஸின் இசையை எடுத்துக்கொண்டு, அணியினர் எண்களை வாயால் அடுக்கிச் சொன்னார்கள். அந்தக் குரல் கதை சொல்லவில்லை, லயத்தின் ஓர் அடுக்காக நின்றது. முரசோடு மோதாமல் முரசாகவே மாறிய குரலுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வேடத்துக்கு 99.65

அடுத்த ஆண்டு, 2014இல், ப்ளூ டெவில்ஸ் அணி இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ஃபெலினியின் உலகத்தையே மைதானத்தில் இறக்கியது. அந்தப் படங்களின் சாயல் கொண்ட வேடங்களோடு வந்து பெற்ற புள்ளி 99.65. அதுவரை எந்த அணியும் எட்டாத உயரம். வேடம் முரசைக் கெடுக்கும் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

நம் வீதியின் பேரணி

1870களில் தொடங்கியது கொழும்பு ஆடிவேல். புறக்கோட்டைப் பக்கத்துக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் தாங்கிய தேர் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும். நாதஸ்வரமும் தவிலும் கூட வரும், காவடி ஆடுவோர் வருவர், வீதியின் இரு பக்கமும் அரோகரா என்று குரல் எழும். வாத்தியம், வேடம், குரல் மூன்றும் ஒரே வீதியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்ந்தே நடந்திருக்கின்றன. கொழும்புக்காரருக்கு இந்தச் சேர்க்கை புதிதல்ல.

சொல்லே இல்லாத மல்லாரி

சுவாமி புறப்பாட்டின்போது நாதஸ்வரக்காரர் வாசிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகம். அதற்குச் சாகித்தியம் கிடையாது. தேருக்கு, தீர்த்தத்துக்கு, தளிகைக்கு என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு. கேட்டுப் பழகியவர் வீட்டுக்குள் இருந்தபடியே வெளியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒரு சொல்லும் இல்லாமல் இவ்வளவு செய்தி சொல்ல வாத்தியத்தால் முடியும். பாட்டு வேண்டும் என்று வாதிடுவோர் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

வாயில் பிறக்கும் தவில்

தவில் பழகுபவர் கை வைக்கும் முன் வாயால் சொல்லிப் பழகுகிறார். சொற்கட்டு நாவில் நின்றால்தான் விரலில் நிற்கும். வலந்தலை என்னும் வலப்பக்கத்தில் விரற்கூடு, தொப்பி என்னும் இடப்பக்கத்தில் பூவரசங்கழி என்று இரு கைக்கும் இரு வேலை. அவற்றை இணைப்பது வாய்க்கணக்கு. உலகமே வியந்த தவில் கலைஞர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) வளர்ந்ததும் இந்த மரபில்தான். குரல் மேளத்துக்கு அந்நியம் என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை.

பாத்திரத்தை அழைக்கும் மத்தளம்

மட்டக்களப்புக் கூத்தில் பாத்திரம் தானாகக் களரிக்குள் வராது. அதற்கென்று உள்ள வரவுத் தாளத்தைக் கூத்தை நடத்தும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தில் எழுப்ப வேண்டும். தாளக்கட்டை வாயாலும் சொல்வார்கள். அரசனுக்கு ஒரு நடை, அரசிக்கு ஒரு நடை, தூதனுக்கு வேறொன்று. கூத்தர் பாடும் வரியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாட, பாட்டு முடிந்ததும் மத்தளம் வேகம் கூட்டி ஆட்டத்தை எழுப்பும். குரலும் வேடமும் முழுமையாக இருக்கின்றன. ஆனால் கடிவாளம் மத்தளத்தின் கையில்.

உடுப்பின் பாரம்

மட்டக்களப்புக் கூத்தின் இரு மோடிகளில், வடமோடியில் அரச பாத்திரங்கள் அணிவது கரப்புடுப்பு என்னும் பாரமான உடுப்பு. முடி, மார்புப் பதக்கம், புய அணி என்று மரவேலைப்பாட்டின் பாரமும் அதோடு சேரும். தென்மோடியில் உடுப்பின் பாரம் குறைவு, ஆட்டத்தின் நுணுக்கம் கூடுதல். தோளில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைக் காலும் தாளமும் சேர்ந்து தீர்மானித்த மரபு இது. அணிநடைக்கு உடை தைக்கக் கொடுப்பவர்கள் துணிக்கடைக்குப் போகும் முன் நினைக்க வேண்டிய பாடம்.

விடியவிடியக் கூத்து மேடைக்கு வந்தது

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடுவதைச் சில மணிகளுக்குள் சுருக்கினார். வட்டக் களரி ஒருபக்க மேடையாயிற்று. ஆட்டமும் பாட்டும் மத்தளமும் மாத்திரம் விடப்படவில்லை. பின்னர் வந்த ‘இராவணேசன்’ தயாரிப்பில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு இன்று கூத்து ஆய்வாளர்களில் மூத்தவர்களில் ஒருவர்.

பாண்டுக்குப் பதிலாக இன்னியம்

விருந்தினர் வந்தால் பாடசாலை வாசலில் மேலைத்தேய பாண்ட் முழங்குவதே வழக்கம். 1990களின் பிற்பகுதியில் மட்டக்களப்பில், கிழக்குப் பல்கலைக்கழகச் சூழலில், அதற்கு மாற்றாக இன்னியம் பிறந்தது. பறையும் மத்தளமும் முதலான நம் வாத்தியங்கள், கூத்து உடுப்பின் சாயலில் உடை, ஆடிக்கொண்டே முன்னேறும் அணி. சீருடை இருந்த இடத்தில் வேடம் வந்தது. வாசிப்பவரே வேடம் பூண்டவர், ஆடுபவரே வாசிப்பவர். வேடத்தை எங்கே சேர்ப்பது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை நம்மிடம் வேறில்லை.

அதே காலி வீதியில் இன்னொரு ஊர்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியோடு தெற்கே போய்க்கொண்டேயிருந்தால் அம்பலாங்கொடை வரும். முகமூடிக்குப் பேர்போன சிங்கள ஊர். அங்குள்ள கோலம் ஆட்டத்தில் ஒவ்வொரு முகமூடிப் பாத்திரத்தையும் கவியில் அறிமுகம் செய்வார்கள். பின்பு பெர மேளத்துக்கு அந்தப் பாத்திரம் நடந்து வரும். மட்டக்களப்புக்கும் அம்பலாங்கொடைக்கும் மொழி வேறு. குரல், மேளம், வேடம் கைகோக்கும் முறை ஒன்றுக்கொன்று நெருங்கியதே.

சம்பாதிக்க வேண்டிய தலையணி

கண்டி நடனத்தின் வெஸ் தலையணியைக் கடையில் வாங்கி அணிந்துவிட முடியாது. பல ஆண்டு பயின்ற பின், சடங்கோடுதான் அது தலையில் ஏறும். கண்டி எசல பெரஹராவிலும், 1979இல் தொடங்கிய கொழும்பு கங்காராம நவம் பெரஹராவிலும் அந்த ஆடைகள் ஒளிர்வதற்குப் பின்னால் இருப்பது ‘கெட்ட பெரய’ என்னும் கண்டி மேளத்தோடு கழித்த பயிற்சிக் காலம். வேடம் பயிற்சிக்குக் கிடைத்த பரிசாக இருந்தால் நிகழ்ச்சி தானாக உயரும்.

குதிரை ஓடுவது யாருக்காக?

தமிழ்நாட்டின் நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு ஆகியவை சேரும். அவற்றின் முன் பொய்க்கால் குதிரையும் மயிலும் கரகமும் ஆடும். குதிரை துள்ளும் இடத்தைப் பம்பைக்காரர் பார்த்துக்கொண்டேயிருப்பார், பம்பை உருளும் இடத்தைக் குதிரைக்காரர் காதில் வைத்திருப்பார். இருவருக்கும் இடையில் ஓடும் அந்தப் பேச்சுக்குத்தான் கூட்டம் கூடுகிறது.

ஒரே செண்டை, இரண்டு வழி

கேரளத்தின் பஞ்சாரி மேளத்தில் பாட்டும் இல்லை, வேடமும் இல்லை. 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே வேகம் ஏறும். ஆயிரக்கணக்கானோர் கையுயர்த்தித் தாளமிட்டு நிற்பார்கள். அதே செண்டை கதகளியில் இரண்டு பாடகரோடும் பெரும் ஒப்பனைப் பாத்திரங்களோடும் சேர்கிறது. தனியாக நிற்க வல்ல மேளமே துணையோடும் நன்றாக நிற்கும் என்பதைக் கேரளம் இரண்டு வழியிலும் காட்டியிருக்கிறது.

பப்பரேக்குப் பாடகர் யார்?

ராயல்–சென் தோமஸ் பெருஞ்சமர் 1880 முதல் நடக்கும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டி. அங்கே ட்ரம்பெட்டும் முரசும் சேர்ந்த பப்பரே அணி ஒரு மெட்டை எடுத்தால் அரங்கின் அந்தப் பக்கம் முழுவதும் சேர்ந்து பாடும். ஒலிவாங்கி தேவையில்லை, தனிப்பாடகர் தேவையில்லை. கேட்பவர் வாயிலிருந்து வரும் பாட்டு எந்த வாத்திய அணியையும் கெடுத்ததில்லை.

பாட்டு எப்போது பாரம்?

நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே உருவானவை. வீதி முழுவதும் கேட்க அவற்றுக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆனால் ஊர்வலத்தின் முன்னால் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு ஒரு லொறி வந்து பதிவுப் பாட்டைப் போட்டால், பின்னால் கை சிவக்க வாசிக்கும் தவில்காரரை யாரும் கேட்பதில்லை. பதிவுப் பாட்டுக்கு அவருடைய கையைக் கேட்டு நிற்கவும் தெரியாது, வேகம் கூட்டவும் தெரியாது. மேளத்தோடு பேசாத குரல் எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும் அங்கே அது பாரம்தான்.

ஒரே ஒரு சோதனை

இந்தத் துணுக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் உண்டு. மேளம் சட்டென்று நின்றால் பாட்டும் வேடமும் நிற்குமா? கூத்தில் நிற்கும், பொய்க்கால் குதிரையில் நிற்கும், கோலத்தில் நிற்கும். அங்கெல்லாம் குரலும் வேடமும் மேளத்தை உயர்த்துகின்றன. மேளம் நின்ற பிறகும் பாட்டு தன்பாட்டில் ஓடினால், அங்கே மேளம் வெறும் அலங்காரம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாடசாலை அணிநடையையும் கோயில் ஊர்வலத்தையும் ஒழுங்கு செய்பவர்களே, பாடகரைத் தேடும் முன் பிள்ளைகளுக்குச் சொற்கட்டு சொல்லிக்கொடுங்கள். உடை தைக்கும் முன் தவில்காரரையும் மத்தளக்காரரையும் ஒத்திகைக்கு அழைத்து, வேடம் எந்த அடியில் நுழைய வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஊர்வல நாளில் அந்த ஒலிபெருக்கி லொறியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.