மாத்திரையின் விலையைத் தீர்மானிப்பது யார்?

மருத்துவச் செலவுக்கு உதவி கேட்டு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் நிற்கும் குடும்பங்களை எங்கள் பாடாலூர் பகுதியிலும் பார்க்கிறோம். இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் அந்த மருந்தின் விலை எங்கே முடிவாகிறது என்று யோசிப்பதில்லை. பல மருந்துகளின் விலை, நாடுகள் செய்துகொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களைப் பொறுத்தே அமைகிறது.

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. அதனால் அதே மருந்தை வேறு முறையில் நம் நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தன. க்வாஜா அப்துல் ஹமீத் 1935இல் தொடங்கிய சிப்லா, 2001இல் எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதற்கு முன் மேலைநாட்டு நிறுவனங்களின் விலை 10,000 டாலருக்கும் மேல்!

1995இல் உலக வர்த்தக அமைப்பு உருவானது. இந்தியாவும் அதில் உறுப்பினரானது. அதன் விதிப்படி 2005 முதல் மருந்துக்கே 20 ஆண்டு காப்புரிமை வந்தது. ஆனால் நாடாளுமன்றம் 3(டி) பிரிவின் மூலம் ஒரு பாதுகாப்பையும் வைத்தது. பழைய மருந்தைச் சற்று மாற்றிவிட்டு, நோயைக் குணப்படுத்தும் திறன் கூடாத நிலையில் புதுக் காப்புரிமை கேட்க முடியாது.

இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆன அம்மருந்து, இந்தியத் தயாரிப்பாகச் சுமார் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது.

கண்டுபிடித்தவரின் உழைப்புக்கு உரிமை உண்டு. 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் அதை ஏற்றது. அதேநேரம், மக்களின் அத்தியாவசியத் தேவையை முடக்கி விலையேற்றும் பதுக்கலை மார்க்கம் தடுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நீதி வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு.

சுதந்திர வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில், மருந்துச் சோதனைத் தரவுகளுக்குத் தனியுரிமை வேண்டும் என ஐரோப்பிய நாடுகள் கேட்டுவந்துள்ளன. அதை ஏற்றால், காப்புரிமை இல்லாத மருந்தும் மலிவு விலையில் வரத் தாமதமாகும். எனவே இத்தகைய செய்திகள் நமக்குச் சம்பந்தமில்லாதவை என்று ஒதுக்காதீர்கள். நம் மக்கள் பிரதிநிதிகளிடம் இதுபற்றிக் கேளுங்கள். வீட்டில் நோயாளி இருந்தால், ஜெனரிக் மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரியுங்கள்.

அல்லாஹ் நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.