மொசாம்பிக்கில் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்

சமாதான ஒப்பந்தத்தில் இரு தலைவர்கள் கையெழுத்திட்டால் உள்நாட்டுப் போர் முடிந்துவிடும் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் மறுநாள் காலையில், காட்டில் துப்பாக்கியோடு நிற்கும் வீரன் எங்கே போவான்? அவனுக்கு வேறு தொழில் தெரியாதே! ஆப்பிரிக்காவிலுள்ள மொசாம்பிக் நாட்டில் இக்கேள்விக்கு உலக நாடுகள் சேர்ந்து விடை தேடின.

1975இல் போர்த்துக்கலிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டில், இரண்டே ஆண்டுகளில் பிரெலிமோ அரசுக்கும் ரெனாமோ கிளர்ச்சிப் படைக்கும் போர் மூண்டது. போரினாலும் பஞ்சத்தினாலும் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர்.

இவர்களைச் சமாதானம் பேச அமர வைத்தது எந்த வல்லரசும் அன்று. ரோமாபுரியில் ஒரு பழைய கன்னியர் மடத்தில் இயங்கும் சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவே அது! பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த மத்தேயோ சூப்பி அடிகளார் முதலியோர் நடுவர்களாக இருந்தனர். 1990 ஜூலையில் தொடங்கிய பேச்சு, 1992 அக்டோபர் 4ஆம் நாள், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாளன்று, ஒப்பந்தமாக முடிந்தது.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அண்டை நாடல்லாத அங்கோலாவில், அதே போர்த்துக்கீசியக் குடியேற்றமாயிருந்த நாட்டில், படைகளைக் கலைக்காமலே தேர்தல் நடத்தினார்கள். தோற்ற தரப்பு மீண்டும் ஆயுதம் ஏந்தியது. ஐக்கிய நாடுகள் சபை அதிலிருந்து பாடம் கற்றது. மொசாம்பிக்கில் 1993இல் நடக்கவேண்டிய தேர்தலை ஓராண்டு தள்ளி வைத்து, முதலில் படைகளைக் கலைத்தது. அங்கு சென்ற 6,000க்கும் மேற்பட்ட பன்னாட்டு வீரர்களில் நம் இந்திய வீரர்களும் இருந்தனர்.

வீரர்கள் 49 முகாம்களுக்கு வந்து ஆயுதங்களை ஒப்படைத்தனர். வீடு திரும்பியவர்களுக்கு ஆறு மாதச் சம்பளத்தை அரசு தந்தது. மேலும் பதினெட்டு மாதங்களுக்கு வெளிநாடுகளின் பணம் கிடைத்தது. ஊரை எரித்தவனுக்குச் சம்பளம், எரிந்த வீட்டுக்காரிக்கு ஒன்றுமில்லையா? இரு தரப்பாருக்கும் பொதுமன்னிப்பும் வழங்கினார்கள். இது நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் பட்டினி கிடக்கும் வீரன் மறுபடியும் துப்பாக்கியைத் தேடுவான். அப்போது எரிவது அதே பெண்ணின் வீடுதான். அதனால் அந்தப் பணம் வீணில்லை என்றே கருதுகிறேன்.

அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ 17 லட்சம் அகதிகள் திரும்பி வந்தனர். 1994 அக்டோபரில் தேர்தல் நடந்தது. ரெனாமோ தலைவர் தலகாமா கடைசி நேரத்தில் புறக்கணிப்பதாகக் கூறி, பிறகு மனம் மாறினார். தோற்றபோதும் அவர் போருக்குத் திரும்பவில்லை.

ஆனால் எல்லா ஆயுதங்களும் கைக்கு வரவில்லை. 1995இல் ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானே, எசாயா இறைவாக்கினர் கண்ட காட்சியை மனத்தில் கொண்டு ஒரு திட்டம் தொடங்கினார். துப்பாக்கி கொடுத்தவர்களுக்குத் தையல் இயந்திரமும் சைக்கிளும் மண்வெட்டியும் கிடைத்தன! ரெனாமோவோ தன் வீரர்களில் சிலரைக் கலைக்காமலே வைத்திருந்தது. 2013இல் மீண்டும் மோதல் மூண்டு, 2019இல் புதிய ஒப்பந்தம் தேவைப்பட்டது. மண்ணுக்குள் கிடந்த கண்ணிவெடிகளை எடுத்து முடிப்பதற்கோ 2015ஆம் ஆண்டு வரை ஆயிற்று.